ஸ்பானியத்தில் ‘பேசு’, ‘பேசுங்கள்’

ஸ்பானியம் கற்றுவருகிறேன். யாரையாவது ஏதாவது செய்யச் சொல்வதற்குள் குழம்பிவிடுகிறேன். சுலபமான வழி உண்டா?

உண்டு. ‘அவள் பேசுகிறாள்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘ஆப்லா’. அதையே எதிரில் இருக்கும் தோழியிடம் சொன்னால், ‘பேசு’! இப்படியே ‘கோமே’ என்றால் சாப்பிடு. ‘எஸ்க்ரிபே’ என்றால் எழுது. பெரும்பாலான வினைகளுக்குப் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவுமில்லை.

மரியாதைக்குக் கடைசி உயிர் மாறும். ‘ஆர்’ என முடியும் வினைகளில் ஆ போய் ஏ வரும்: ‘ஆப்லே’, பேசுங்கள். ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளில் நேர்மாறு: ‘கோமா’, ‘எஸ்க்ரிபா’. வயதான வீட்டுக்காரரிடம் ‘கோமே’ என்றால் ஒருமையில் பேசியதாகிவிடும்; அந்த உறுத்தல் தமிழ்க் காதுக்குச் சொல்லாமலே புரியும்.

பலர் இருந்தால் ‘ன்’ சேருங்கள்: ‘ஆப்லேன்’, ‘கோமான்’. மெக்சிகோவில் நண்பர் கூட்டத்துக்கும் இதுவே. ஸ்பெயினிலோ நண்பர்களிடம் ‘ஆப்லார்’ என்ற மூலவினையின் ‘ர்’ஐ மாற்றி, ‘ஆப்லாத்’ என்பார்கள்.