முன்னிரவில் தொடங்கும் காலை

கற்றல் நோக்கம்: காலைப் பணிகளைத் திட்டமிட்டு மகிழ்வுடன் செய்தல், பொழுதைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.



நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள பொழுது வைகறை எனப்படும். அப்பொழுதிலேயே துயில் நீங்க வேண்டும் என்று ஔவையாரின் ஆத்திசூடி அறிவுறுத்துகிறது. ஆயினும், கசார்வாடியில் வாழும் நமக்கு அது சென்னையில் வாழ்வோர்க்கு உள்ளதுபோல் எளிதன்று. சோம்பல் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டா. புவியியலும் ஒரு காரணம்.

இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம்தான். அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னைக்கும் புனேவுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரைப் பாகை வேறுபாடு உண்டு. ஆகவே, கதிரவன் நம் ஊருக்குச் சுமார் 26 நிமிடம் தாழ்ந்தே வருகிறான். குளிர்காலத்தில் வடக்கே செல்லச் செல்லப் பகல் குறுகுவதால் இவ்விடைவெளி மேலும் சற்று நீளும். சனவரித் தொடக்கத்தில் இங்கே 7 மணி கடந்த பின்னரே கதிர் தோன்றுகிறது. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டில் 6 மணிக்குத் தானே விழித்த பிள்ளை, குளிர்காலத்தில் இங்கே அதே 6 மணிக்கு எழத் தடுமாறுவது இயல்பே.

நம் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். காலை ஒளி அக்கடிகாரத்தை முன்னே நகர்த்தும். இரவில் நாம் பார்க்கும் கைப்பேசியின் ஒளி பின்னே தள்ளும். 6 முதல் 12 வயது வரை உள்ளோர்க்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. காலை 5.45க்கு எழ வேண்டிய பதின்மூன்று வயது மாணவி, இரவு 9.45க்குள் உறங்கினால்தான் 8 மணி நேரம் கிட்டும். காலைப்பொழுது முன்னிரவிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

நம் பகுதியில் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை பிம்பிரியில் உள்ள தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டுக்குச் செல்ல வேண்டும். தாய் மெட்ரோ ரயிலில் அலுவலகம் செல்ல வேண்டும். அக்காவும் தம்பியும் பள்ளி செல்ல வேண்டும். இருப்பதோ ஒரே குளியலறை. அந்நேரத்தில் தம்பியின் காலுறை ஒன்று காணாமற்போகிறது. அக்காவின் நாட்குறிப்பேட்டில் கையொப்பம் இல்லை. நால்வரும் ஒருங்கே இருக்கும் அந்த ஒரு மணி நேரம் சினத்திலேயே கழிந்துவிடுகிறது. மாலையில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் திரும்புவதால், இழந்த அந்த நேரம் மீண்டும் கிடைப்பதில்லை.

இதற்குத் தீர்வு எளிது. பின்வரும் நான்கையும் இரவே முடித்துவிடுங்கள்.

1. புத்தகப்பையை அடுக்கி வாயிலருகே வைத்தல்.
2. சீருடை, காலுறை, காலணி ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்தல்.
3. பெற்றோரிடம் கையொப்பம் பெறுதல்.
4. மறுநாள் உணவு இன்னதென்று தாயுடன் பேசி, காய் நறுக்க உதவுதல்.

காலைப் பணிகளைப் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பள்ளிப் பேருந்து 7 மணிக்கு வரும் என்று கொள்வோம்.

5.45 – எழுதல், விளக்கு ஏற்றுதல், நீராடல்
6.15 – உடை உடுத்தல்
6.25 – மனத்துக்கு உகந்த ஒரு செயல்
6.35 – சிற்றுண்டி
6.50 – புறப்படுதல்

இவற்றுள் 6.25க்கு உரிய பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். எழுவதற்கு ஒரு மகிழ்ச்சி காத்திருந்தால் போர்வையை விலக்குவது கடினமாகாது. வாசலில் சிறு கோலம் இடலாம். தொட்டிச் செடிக்கு நீர் ஊற்றலாம். இவற்றினும் நமக்கு உகந்தது ஒன்று உண்டு. கசார்வாடியின் ரயில் நிலையப் பலகையிலும் கடைப் பலகைகளிலும் தேவநாகரி எழுத்தையும் ஆங்கில எழுத்தையுமே காண்கிறோம். தமிழெழுத்து நம் கண்ணில் படும் இடம் வீட்டிலுள்ள புத்தகம் மட்டுமே. தாய் அவல் தாளிக்கும்போது அருகில் நின்று ஒரு பக்கக் கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர்க்கும் களைப்பு நீங்கும். படிப்பவர் நாவிலும் தமிழ் தங்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டா. முதல் வாரம் இரவுப் பணிகளை மட்டும் பழகுங்கள். அடுத்த வாரம் கால் மணி முன்னதாக உறங்குங்கள். பிறகு காலை தானே சீர்ப்படும்.

அருஞ்சொற்பொருள்

வைகறை – விடியலுக்கு முந்தைய பொழுது
பாகை – கோணத்தின் அளவு
தாழ்ந்து – காலம் கடந்து
உகந்த – விருப்பமான

பயிற்சி

1. புனேயில் கதிரவன் தாழ்ந்து தோன்றுவதன் காரணம் யாது?
2. கொல்கத்தாவுக்கும் புனேவுக்கும் இடையே 14.5 பாகை வேறுபாடு உண்டு எனில், நேர வேறுபாடு எத்தனை நிமிடம்?
3. எதிர்ச்சொல் எழுதுக: முன்னிரவு, எளிது, மகிழ்ச்சி.
4. உம் வீட்டார் நால்வரிடமும் கேட்டு, அனைவர்க்கும் பொருந்தும் காலை அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுக.