மூலபாடமும் மூலநிரலும்: பதிப்பாய்வில் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொகுத்து நிறுவுதல்

முன்னுரை

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றின. அவற்றுக்கு வேண்டிய வண்ண லேபிள்களின் தேவையே அவ்வூரின் அச்சுத் தொழிலை வளர்த்தது. லேபிளுக்கும் நாட்காட்டிக்கும் ஓராண்டு ஆயுள் போதும். செம்பதிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் அது போதாது. எனவே, அச்சுக்கோப்பு மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் திறன் பதிப்பாய்வின் ஒரு கூறாகக் கொள்ளத்தக்கது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

குறியேற்றச் சிக்கல்

தமிழ்க் கணினி அச்சுக்கோப்பில் பெருவழக்காக இருந்த பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பான 7.0, 2001இல் வெளிவந்தது. அது ஒருங்குறியை ஏற்பதில்லை. ஆதலால், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த எழுத்துருக்களே அதில் பயன்பட்டன. அவற்றில் பதிவது எழுத்தன்று, எழுத்தின் வடிவமே. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதியும். ஒருங்குறியிலோ ககரத்தை அடுத்து ஒகர உயிர்க்குறி வரும். மேலும், பல எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம் பயன்பட்டது. அதனால் 'வௌவால்' என்னும் சொல் மாற்றத்தின்போது கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கக்கூடும். அச்சில் இப்பிழை புலப்படாது. சொல்லடைவிலும் தேடலிலும் அச்சொல் அகப்படாமற் போகும்.

டெக் மரபு

தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் நிறைவளிக்காமையால் டொனால்ட் நூத் 1977இல் டெக் உருவாக்கத்தைத் தொடங்கினார். அதன் மூலநிரல் முழுவதும் விளக்கவுரையுடன் 1986இல் நூலாக வெளிவந்தது. நிரலையும் உரையையும் ஒருங்கே நிறுத்தும் அம்முறை, மூலமும் உரையும் சேர்ந்தமைந்த தமிழ் நூல்களோடு ஒப்புநோக்கத்தக்கது. ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக், ஒருங்குறித் தமிழை நேரடியாக ஏற்கிறது. உயிர்க்குறிகளை உரிய இடத்தில் அமைக்கும் பணியை அதனுள் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம் செய்கிறது. வரியெண், பல அடுக்கு அடிக்குறிப்பு, பாடவேறுபாடு ஆகியவற்றுக்கு ரெலெட்மாக் தொகுப்பு உதவுகிறது.

தொகுத்து நிறுவும் முறை

டெக் லைவ் மூலநிரலை விரித்தபின், சி, சி++ நிரல்பெயர்ப்பிகளும் 'மேக்' கருவியும் கணினியில் உள்ளனவா எனக் காணல் வேண்டும். லினக்ஸில் எழுத்துருக்களைக் கண்டறியும் ஃபான்ட்கான்ஃபிக்கின் நிரலாக்கக் கோப்புகளும் தேவை. ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப் முதலியன மூலநிரலுடனேயே வருகின்றன. 'பில்ட்' என்னும் கட்டளைக்கோவை தொகுத்தல், நிறுவல், சோதனை ஆகியவற்றைத் தனி அடைவில் நிகழ்த்தும். இதனால் கிடைப்பன இயங்குகோப்புகள் மட்டுமே. பெருநிரல்களையும் எழுத்துருக்களையும் தனியே நிறுவி, தொடக்கநிலைக் கோப்புகளை ஆக்கிய பின்னரே பக்கம் உருவாகும்.

அன்றாடப் பணிக்கு ஆயத்த இயங்குகோப்புகளே போதும். இயங்குதளம் மாறி அவை செயலிழக்கும் காலத்தில், பாதுகாக்கப்பட்ட மூலநிரல் மீண்டும் தொகுக்கும் வாய்ப்பைத் தருகிறது. நிரல்பெயர்ப்பியின் மாற்றத்திற்கேற்பச் சில திருத்தங்கள் தேவைப்படலாம். ஆயினும் அவற்றைச் செய்யும் உரிமையும் வழியும் ஆய்வாளரிடம் இருக்கும். மூடிய மென்பொருளில் அவ்வாய்ப்பு இல்லை.

முடிவுரை

பயன்படுத்திய சுவடிகளையும் அவற்றை உதவியோரையும் முகவுரையில் பதிவுசெய்வது உ.வே.சாமிநாதையர் நிலைநிறுத்திய பதிப்பு நெறியாகும். அந்நெறியின் நீட்சியாக, கணினிவழிப் பதிப்பின் முகவுரையில் மென்பொருளின் பெயர், பதிப்பெண், எழுத்துரு ஆகியவை குறிக்கப்பெறல் வேண்டும். ஆய்வேட்டின் பி.டி.எஃப். கோப்புடன் ஒருங்குறி மூலப்பாடமும், உரிமம் இடந்தரும் எழுத்துருவும், மென்பொருளின் மூலநிரலும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒருங்கே வைக்கப்பெறல் வேண்டும். பி.டி.எஃப். மட்டும் எஞ்சினால் நூல் படிக்கக் கிடைக்கும். மூலப்பாடமும் எஞ்சினால்தான் அடுத்த பதிப்பாசிரியர் அதனைத் திருத்தவும் ஒப்பிடவும் இயலும்.