குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல

தூக்க மூச்சுத் தடையும் உங்கள் மூளையின் நலமும்

“படுத்ததும் குறட்டை விடுகிறார், கொடுத்து வைத்தவர்” என்று நாம் சொல்வதுண்டு. ஆனால் உரத்த குறட்டை ஆழ்ந்த தூக்கத்தைக் காட்டுவதில்லை. குறுகிய மூச்சுப்பாதை வழியாகக் காற்று சிரமப்பட்டுச் செல்வதையே அது காட்டுகிறது. குறட்டை விடும் எல்லாருக்கும் நோய் இருக்கிறது என்று பொருளல்ல. ஆனால் குறட்டை நடுவே நின்றுபோய், சிறிது நேர அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்கினால் அது தூக்க மூச்சுத் தடையாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் பல இனத்தவரிடையே நடத்தப்பட்டு 2016ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு மிதமான அல்லது கடுமையான மூச்சுத் தடை இருப்பது தெரியவந்தது. அவர்களில் 10ல் 9 பேருக்கு அந்நோய் அதற்குமுன் கண்டறியப்படவில்லை. காரணம் எளிது: நோய் வெளிப்படும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

மூச்சு ஏன் தடைப்படுகிறது?

விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அவை தளர்கின்றன. பாதை ஏற்கெனவே குறுகலாக இருந்தால், நாக்கின் பின்பகுதி சரிந்து அதை அடைத்துவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றாலும் காற்று உள்ளே செல்லாது.

10 விநாடிகளோ அதற்கு மேலோ இவ்வாறு மூச்சு நிற்கும்போது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கலாம். மூளை ஆபத்தை உணர்ந்து உங்களைக் கணநேரம் எழுப்புகிறது. தசைகள் இறுகி, பாதை திறந்து, பெருமூச்சுடன் காற்று உள்ளே பாய்கிறது. உடனே மீண்டும் தூங்கிவிடுவதால் காலையில் எதுவும் நினைவிருக்காது.

கடுமையான பாதிப்பு உள்ளவருக்கு இது மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் நடக்கிறது. அதாவது 2 நிமிடத்துக்கு ஒரு முறை. 7 மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுவது இதனால்தான்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

நம்மால் மாற்ற முடியாத காரணங்கள்:

• வயது: வயது கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.
• பாலினம்: பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் ஏற்படுகிறது. ஆனால் மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் ஆபத்து உயர்கிறது.
• குடும்பம்: பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.
• முக அமைப்பு: சிறிய அல்லது பின்னோக்கிய கீழ்த்தாடை, பெரிய நாக்கு, வீங்கிய டான்சில் ஆகியவை மூச்சுப்பாதையைக் குறுக்குகின்றன.

நம்மால் மாற்றவோ கட்டுப்படுத்தவோ முடிந்த காரணங்கள்:

• உடல் எடை: மிக முக்கியமான காரணம் இதுவே. கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை அழுத்துகிறது; வயிற்றுக் கொழுப்பு நுரையீரல் விரிவதைத் தடுக்கிறது.
• மது: படுக்கப்போகும் முன் குடிக்கும் மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகிறது. சில தூக்க மாத்திரைகளும் அப்படியே.
• புகைபிடித்தல்: தொண்டையிலும் மூக்கிலும் வீக்கத்தை உண்டாக்குகிறது.
• மூக்கடைப்பு: நீண்டகால ஒவ்வாமையால் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயால் மூச்சுவிட நேர்ந்து குறட்டை கூடுகிறது.
• மல்லாந்து படுத்தல்: சிலருக்கு இந்த நிலையில் மட்டும் தடை அதிகமாகிறது.
• பிற நோய்கள்: தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களிடம் மூச்சுத் தடை அடிக்கடி காணப்படுகிறது.

“நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்?”

ஒல்லியாக இருப்பவருக்கும் மூச்சுத் தடை வரலாம். ஆசியர்களில் பலருக்குத் தாடை அமைப்பு காரணமாக, அதிக எடை இல்லாமலே இந்நோய் ஏற்படுகிறது. எடையைப் பொறுத்தவரையிலும் ஆசியர்களுக்கான வரம்பு குறைவு. உங்கள் எடையை (கிலோகிராம்) உயரத்தின் (மீட்டர்) இருமடிப்பெருக்கத்தால் வகுத்தால் உடல் எடைக் குறியீடு கிடைக்கும். 23க்கு மேல் சென்றாலே இதயநோய், நீரிழிவு போன்றவற்றின் ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். எடுத்துக்காட்டாக, 1.70 மீட்டர் உயரமும் 80 கிலோகிராம் எடையும் உள்ளவரின் குறியீடு 27.7. “கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறார்” என்று நாம் சொல்லும் உருவம்தான் அது.

மூளையும் நரம்புகளும் எப்படிப் பாதிக்கப்படுகின்றன?

மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் குறைந்து, இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்குகிறது. இரவுதோறும், ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படலாம்.

பக்கவாதம்: சிகிச்சை பெறாத தூக்க மூச்சுத் தடை, பக்கவாத ஆபத்தைச் சுமார் இரு மடங்காக்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சீரற்ற இதயத்துடிப்பும் இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதுவும் பக்கவாதத்துக்கு வழிவகுக்கும். மறுபுறம், பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூச்சுத் தடை இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. உங்கள் வீட்டில் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர் இருந்தால், அவருடைய குறட்டையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நினைவாற்றலும் மனநிலையும்: கவனம் சிதறுதல், மறதி, எளிதில் எரிச்சலடைதல், மனச்சோர்வு ஆகியவை ஏற்படலாம். வயதானவர்களிடம் இவற்றை “வயசாகிவிட்டது” என்று ஒதுக்கிவிடுகிறோம். முதுமை மறதிநோய்க்கும் மூச்சுத் தடைக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

தலைவலி: காலையில் தலைவலியுடன் எழுந்து, சில மணி நேரத்தில் அது தானே மறைவது ஓர் அறிகுறி.

வலிப்பு: வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டலாம்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு சில நரம்பியல் கோளாறுகளும் உண்டு. கனவு காணும்போது கத்துவது, கைகால்களை வீசி அடிப்பது, கட்டிலிலிருந்து விழுவது ஆகியவை கனவுநிலைத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். சிலரிடம் இது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றுகிறது. கடுமையான மூச்சுத் தடையும் இதே போன்ற அசைவுகளை உண்டாக்கக்கூடும் என்பதால் பரிசோதித்தே வேறுபடுத்த முடியும். படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் உணர்வு இன்னொரு கோளாறு. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணம். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

நீங்களே சரிபாருங்கள்

பின்வரும் 8 கேள்விகளை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். “ஆம்” என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி.

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு உரக்கக் குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி களைப்போ தூக்கமோ வருகிறதா?
3. தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்றதையோ நீங்கள் திணறியதையோ யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளதா, அல்லது அதற்குச் சிகிச்சை பெறுகிறீர்களா?
5. உடல் எடைக் குறியீடு 35க்கு மேல் உள்ளதா?
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

0 முதல் 2 வரை: ஆபத்து குறைவு.
3 அல்லது 4: நடுத்தர ஆபத்து. அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இதைப் பற்றிப் பேசுங்கள்.
5 அல்லது அதற்கு மேல்: ஆபத்து அதிகம். இதற்கென்றே மருத்துவரைச் சென்று காணுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு “ஆம்” என்றால், மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்வது நல்லது.

அருகில் படுப்பவரின் கவனத்துக்கு

மூன்றாம் கேள்விக்குத் தூங்குபவரால் பதில் சொல்ல முடியாது. கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ, வீட்டுப் பணிப்பெண்ணோ, தேசிய சேவை முகாமில் அடுத்த கட்டிலில் படுப்பவரோதான் சொல்ல முடியும். குறட்டையைக் கேலி செய்வதோடு நிறுத்தாமல், நீங்கள் கண்டதை அமைதியாகச் சொல்லுங்கள்: “நேற்று ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டரிடம் ஒருமுறை காட்டுவோம்.” அவருடைய சம்மதத்துடன் கைப்பேசியில் சில நிமிடங்கள் காணொளி எடுத்தால் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

தனியாக வசிப்பவர்கள் இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்: வாய் உலர்ந்து எழுவது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, எம்ஆர்டி பயணத்தில் இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டித் தூங்கிவிடுவது.

பிள்ளைகளுக்கும் இது வரலாம். தினமும் குறட்டை விடுதல், வாயால் மூச்சுவிடுதல், படுக்கையை நனைத்தல், பள்ளியில் கவனமின்மை அல்லது அளவுக்கு மீறிய துறுதுறுப்பு ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் டான்சில் வீக்கமே காரணம்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கு

48 வயதான ஒரு பேருந்து ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். 7 மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் அதிகாலை வேலைக்கு வருகிறார். இரண்டு கோப்பியும் குடித்திருக்கிறார். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண் செருகுகிறது. அவர் தூங்கிய நேரம் போதும். தூக்கத்தின் தரம் போதவில்லை. அவருடைய பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகளின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

நீங்கள் பேருந்து, டாக்சி, தனியார் வாடகை வாகனம், லாரி, பளுதூக்கி போன்றவற்றை இயக்குபவராக இருந்தால், பகல்தூக்கத்தை வேலைப்பளு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். தூக்கம் வரும்போது வாகனம் ஓட்டாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். முறையாகச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோரின் விழிப்புநிலை மேம்படுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள். தூக்கப் பரிசோதனையை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியோ, சிலருக்கு எடுத்துச்செல்லக்கூடிய கருவியைக் கொண்டு வீட்டிலேயோ செய்யலாம். உடலில் ஒட்டப்படும் சிறு கம்பிகள் மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும். வலி இருக்காது, ஊசியும் இல்லை. மருத்துவமனைப் பரிசோதனையில் மூளையின் மின்னலைகளும் பதிவாகும்.

பெரியவர்களுக்கு, மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ மணிக்கு 5 முதல் 14 முறை என்றால் இலேசானது. 15 முதல் 29 வரை மிதமானது. 30ம் அதற்கு மேலும் கடுமையானது.

கட்டணத்தைப் பற்றியும் மெடிசேவ் பயன்பாட்டைப் பற்றியும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்ன சிகிச்சை உண்டு?

• எடைக் குறைப்பு: எடை கூடியவர்கள் உடல் எடையில் 10 விழுக்காட்டைக் குறைத்தாலே மூச்சு நிற்கும் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு இறங்கும். இரவு நேரத்துப் பரோட்டாவையும் இனிப்புப் பானத்தையும் குறைப்பது நல்ல தொடக்கம்.
• பக்கவாட்டில் படுத்தல்: மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை ஏற்படுபவர்களுக்கு உதவும்.
• சிபேப் கருவி: மூக்கிலோ முகத்திலோ பொருத்தும் கவசம் வழியாகக் காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். 1981ல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இம்முறையே, மிதமான, கடுமையான நிலைகளுக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை.
• வாயில் பொருத்தும் கருவி: கீழ்த்தாடையைச் சற்று முன்னே நகர்த்தும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார்.
• அறுவை சிகிச்சை: தகுந்த சிலருக்கு மட்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிபேப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்க முடியுமா?
முதல் சில வாரங்கள் சிரமமாக இருக்கலாம். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது சிறிது நேரம் அணிந்து பழகுங்கள். மூக்கு உலர்ந்தால் ஈரப்பதமூட்டும் வசதியைப் பயன்படுத்தலாம். கவசம் அழுத்தினாலோ காற்று கசிந்தாலோ வேறு அளவு கேளுங்கள். அலமாரியில் வைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதைவிட, தாதியிடம் குறையைச் சொல்வது நல்லது.

தூக்கம் வருவதற்காக மாத்திரையோ சிறிது மதுவோ எடுத்துக்கொள்ளலாமா?
கூடாது. இரண்டும் மூச்சுத் தடையை மோசமாக்கக்கூடும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

வேறு அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது சொல்ல வேண்டுமா?
கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்க மருந்து மூச்சுப்பாதையைத் தளர்த்தும். உங்கள் சிபேப் கருவியையும் மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லுங்கள்.

உடனடியாக 995ஐ அழையுங்கள்

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையைத் தூக்க முடியாமை, பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று திடீரென ஏற்பட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க மருத்துவருக்கு அது தேவை.

நினைவில் கொள்ள வேண்டியவை

• இடையிடையே நின்று, திணறலுடன் தொடரும் குறட்டையை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சுத் தடை வரலாம்.
• வயதையும் முக அமைப்பையும் மாற்ற முடியாது. எடை, மது, புகை ஆகியவற்றை மாற்றலாம்.
• இன்றிரவு உங்கள் அருகில் தூங்குபவரின் மூச்சைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். உங்களுடையதைக் கவனிக்கும்படி அவரிடமும் கேளுங்கள்.

இக்கையேடு பொதுத் தகவலுக்கானது. உங்கள் உடல்நிலைக்கேற்ற ஆலோசனையை மருத்துவரிடம் பெறுங்கள்.