இறுகிய பிளக்கும் இளகாத நம்பிக்கைகளும்

திருவனந்தபுரத்தில் கரமனை ஆறு தாண்டி நேமம், வெள்ளாயணிப் பக்கம் போனால் வயலும் வாழைத்தோட்டமும் வரும். பெரிய வண்டி திரும்பமுடியாத துண்டு நிலங்களில் சின்ன டிராக்டர்தான் கை கொடுக்கும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், தொளி அடித்த சேறு. ஆயில் மாற்றப்போகும் நாளில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் அசைய மறுக்கும். அப்போது பட்டறை வாசலில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும்.

நம்பிக்கை: துருதான் காரணம், ஸ்ப்ரே அடித்தால் கழன்றுவிடும்.
உண்மை: பிளக்கின் மரை உள்ளே ஆயிலில் ஊறிக்கிடக்கிறது, அங்கே துரு ஏறுவது அபூர்வம். பெரும்பாலும் போன தடவை அளவுக்கு மீறி முறுக்கியதும், நசுங்கிய வாஷர் சம்போடு, அதாவது எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியோடு, ஒட்டிக்கொண்டதும்தான் காரணம். டபிள்யூடி-40 ஸ்ப்ரே கூட 1953இல் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கவே உருவானது. சேற்றைச் சுரண்டிவிட்டு வாஷர் விளிம்பில் அடித்தால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: சரியான பக்கம்தான் திருப்புகிறேன்.
உண்மை: கீழே படுத்து பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பவேண்டும். மேலிருந்து குனிந்து கையை விட்டால் திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்குகிறவர்கள் உண்டு.

நம்பிக்கை: நீளப் பைப் மாட்டி மிதித்தால் எதுவும் கழலும்.
உண்மை: நீளக் கைப்பிடி தப்பில்லை, ஸ்பேனர் பொருந்தாததுதான் தப்பு. பன்னிரண்டு முனைச் சாக்கெட்டும் ஸ்க்ரூ ஸ்பேனரும் மூலைகளை மழுக்கிவிடும். சரியான அளவில் ஆறுமுனைச் சாக்கெட்டை முழுக்க உட்காரவைத்து, அதன் தலையில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு தட்டுங்கள். வாஷரின் பிடி விடும். பிறகு நிதானமாக அழுத்துங்கள். மூலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் கைப்பம்பு வைத்து டிப்ஸ்டிக் துளைவழி ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். அடியில் கொஞ்சம் கசடு தங்கும் என்றாலும், பட்டறைக்கு நாள் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

நம்பிக்கை: காஸ் வைத்துச் சுட்டால் இளகும்.
உண்மை: டீசலும் ஆயிலும் கசிந்த இடத்தில் நெருப்புக் காட்டுவது ஆபத்து. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தினாலே போதும். அலுமினியம், எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியச் சம்பானால் அந்தச் சூடே பிடியைத் தளர்த்தும். நாள் முழுக்க உழுத வண்டியென்றால் ஆறவிடுங்கள். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கும்.

நம்பிக்கை: முழுப் பலத்தோடு இறுக்கினால்தான் ஒழுகாது.
உண்மை: ஒழுகலைத் தடுப்பது முறுக்கு அல்ல, வாஷர். பழைய செம்பு வாஷர் நசுங்கிக் கெட்டித்துப்போயிருக்கும். அதையே திரும்பப் போட்டால் சொட்டும், சொட்டுவதைப் பார்த்து இன்னும் இறுக்குவோம், அலுமினியச் சம்பில் மரை பிய்ந்துவரும். பிறகு லேத் பட்டறைச் செலவு. ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அடுத்த ஆயில் மாற்றத்துக்குச் சுத்தியல் தேவைப்படாது.