அணுவும் அண்டை நாடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

அர்ஜென்டினா, பிரேசில் என்ற பெயர்களைக் கேட்டதும் நம் விடுதி நண்பர்களுக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் இவ்விரு நாடுகளும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, "அவன் அணுகுண்டு செய்கிறானோ?" என்று ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்தன. அந்த ஐயம் தீர்ந்த விதம் உலக வரலாற்றில் அரிதானது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதை நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சிறிது கணக்கு. இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஏறத்தாழ 140 அணுக்களுக்கு ஒன்றுதான் யுரேனியம்-235. மற்றவை பெரும்பாலும் யுரேனியம்-238. அணுமின் உலைக்கு 4 விழுக்காடு, அதாவது 25-க்கு ஒன்று என்ற செறிவு போதும். எனவே 115 அணுக்களை அகற்ற வேண்டும். 20 விழுக்காட்டுக்கு, அதாவது 5-க்கு ஒன்று என்ற நிலைக்கு, மேலும் 20 அணுக்களை அகற்ற வேண்டும். அதற்குப் பிறகு குண்டுக்குத் தேவையான 90 விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ நான்கே அணுக்கள்தாம் பாக்கி! கழிவோடு போகும் 235-ஐக் கருதாமல் போட்ட தோராயக் கணக்கு இது. ஆயினும் உண்மை விளங்கும். மின்சாரத்துக்கென்று செறிவூட்டுபவன் குண்டுக்கான பாதையில் பெரும்பகுதியைக் கடந்துவிடுகிறான்.

செறிவூட்டுவது எளிதன்று. யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவின் மூலக்கூறு எடைகள் 349, 352. முதலாண்டில் நாம் படித்த கிரகாம் விதிப்படி வர்க்கமூலம் கண்டால், நுண்துளைத் தடுப்பை ஒருமுறை கடக்கும்போது செறிவு விகிதம் 1.0043 மடங்குதான் கூடும். ஆயிரத்தில் நான்கு! ஆகவே தடுப்புகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அடுக்க வேண்டும். இந்த அடுக்கு மின்சாரத்துக்கா, குண்டுக்கா என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. அண்டை நாட்டின் அச்சம் இங்கேதான் பிறக்கிறது.

இரு நாடுகளும் 1968-இல் உருவான அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அப்போது கையெழுத்திட மறுத்தன. வல்லரசுகள் குண்டு வைத்துக்கொள்ளலாம், நாங்கள் கூடாதா என்பது அவர்கள் வாதம். (நம் நாடும் இதே காரணத்தைத்தான் கூறியது.) அர்ஜென்டினா 1974-இல் அட்டூச்சா அணுமின் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. செறிவூட்டாத யுரேனியமும் கனநீரும் கொண்டு அப்போது இயங்கியது அது. அயலாரிடம் எரிபொருளுக்குக் கையேந்த வேண்டாம் என்பதே நோக்கம். பிரேசில் 1975-இல் மேற்கு ஜெர்மனியுடன் எட்டு உலைகளுக்கும், செறிவூட்டல் நுட்பத்துக்கும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா எதிர்த்தது, பிரேசில் அசையவில்லை. பிரேசிலில் அப்போது இராணுவ ஆட்சி, விரைவில் அர்ஜென்டினாவிலும் அதுவே வந்தது. போதாக்குறைக்குப் பரானா ஆற்றில் இட்டாய்ப்பு அணை பற்றிய தகராறு வேறு.

1979-இல் அணைத் தகராறு தீர்ந்தது. மறு ஆண்டே பிரேசில் அதிபர் பிகெய்ரேடோ புவெனோஸ் அயர்ஸ் சென்று அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு செய்தார். இராணுவ ஆட்சியாளர்களே இதைத் தொடங்கினர் என்பது எனக்கு வியப்பளித்தது. மக்களாட்சி வந்த பிறகே எல்லாம் நடந்தது என்று சிலர் கூறுவது முழு உண்மை அன்று.

1983 நவம்பரில் அர்ஜென்டினா, பில்கானியேயு என்ற இடத்தில் தான் இரகசியமாகச் செறிவூட்டும் ஆற்றல் பெற்றுவிட்டதாக அறிவித்தது. உலகம் திடுக்கிட்டது. ஆனால் பிரேசில் அதிபருக்கு மட்டும் அறிவிப்புக்கு முன்பே அர்ஜென்டினா அதிபரின் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. 1987 செப்டம்பரில் பிரேசிலும் செறிவூட்டலில் வெற்றி கண்டதாக அறிவித்தபோது, அதிபர் சார்னே அதே மரியாதையை அர்ஜென்டினாவின் அல்போன்சினுக்குச் செய்தார். செய்தித்தாளில் படித்து அறிவதற்கும், நேரே சொல்லக் கேட்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! என் கருத்தில், பின்னால் வந்த ஒப்பந்தங்களைவிட இவ்விரு கடிதங்களே பெரியவை.

அதற்குள் 1987 ஜூலையில் சார்னே பில்கானியேயு ஆலைக்கே அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். 1988 ஏப்ரலில் அல்போன்சின் பிரேசிலின் அரமார் நிலையத்துக்குச் சென்றார். 1990-இல் பிரேசில் அதிபர் கொலோர், காச்சிம்போ மலைப்பகுதியில் அணுச் சோதனைக்கென இராணுவம் தோண்டியிருந்த ஆழ்குழியைத் தாமே சென்று அடையாளமாக மூடினார். ஐயம் வீணானதன்று என்பதற்கு அக்குழியே சான்று.

1991 ஜூலையில் குவாதலஹாராவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இரு நாடுகளுக்கும் பொதுவான கணக்கு மற்றும் கட்டுப்பாட்டு நிறுவனம் தோன்றியது. அதன் தலைமையகம் ரியோ டி ஜெனிரோவில் உள்ளது. பிரேசில் ஆலைகளை அர்ஜென்டினாவின் ஆய்வாளர்களும், அர்ஜென்டினா ஆலைகளைப் பிரேசிலின் ஆய்வாளர்களும் சோதிக்கின்றனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. விடுமுறையில் இதை என் தந்தையாரிடம் விளக்கியபோது, "பங்காளி நிலம் அளக்கையிலே சங்கிலியோட ஒரு முனைய நாம பிடிக்கிறோம், மறுமுனைய அவங்க பிடிக்கிறாங்க. அது மாதிரித்தானே?" என்றார். பெரும்பாலும் சரியே. ஆனால் நிலத்தை எவரும் ஒளித்துவைக்க முடியாது, யுரேனியத்தை முடியும். ஆதலால் ஆய்வாளர்கள் வாயு உருளைகளை எடைபோட்டுப் பேரேட்டோடு ஒப்பிடுகின்றனர், முத்திரை இடுகின்றனர், ஒளிப்பதிவுக் கருவி பொருத்துகின்றனர். சர்வதேச அணுசக்தி முகமையும் உடன் சோதிக்கிறது. கடைசியில் அர்ஜென்டினா 1995-இலும், பிரேசில் 1998-இலும் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தன.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. தாக்கமாட்டோம் என்று 1988-இல் செய்த உடன்பாட்டின்படி நடப்பது அது. பட்டியல் வருகிறது, கதவு திறப்பதில்லை. தென் அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே எவரிடமும் குண்டு இருக்கவில்லை, எல்லையில் அண்மைக்காலப் போரும் இல்லை.

அங்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2004-இல் ரெசென்டி ஆலையின் சுழற்பொறிகளைப் பிரேசில் தடுப்பிட்டு மறைத்ததால் சர்வதேச ஆய்வாளர்களோடு பூசல் எழுந்து, பிறகு சமரசம் ஆயிற்று. இப்போது பிரேசில் அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முயல்கிறது. கடலுக்கடியில் மாதக்கணக்கில் கிடக்கும் கப்பலுக்குள் இருக்கும் யுரேனியத்தை யார், எப்படி எடைபோடுவது? இது குறித்துச் சர்வதேச முகமையுடன் பிரேசில் 2022-இல் பேச்சு தொடங்கியது.