ரெண்டு டிரம் ஊற்றுவதற்கு முன்

தாயி செல்வி,

சாப்பாடு, தூக்கம், கொசு எல்லாவற்றையும் பற்றி உன் அம்மா தினமும் போனில் கேட்டுவிடுகிறாள். எனக்குக் கேட்க மிச்சம் வைத்திருப்பது சேறு மட்டும்தான். அதனால் இந்தக் கடிதம்.

நீ இராமநாதபுரம் பக்கம் ரிக்கில் மட் கெமிஸ்ட்டாகச் சேர்ந்த செய்தி நம்ம தெருவில் சரியாகப் போய்ச் சேரவில்லை. "போர் வண்டியில பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை?" என்று உன் அத்தை கேட்டாள். அவள் பார்த்ததெல்லாம் திருச்செங்கோட்டு போர் வண்டி. கம்ப்ரஸர் காற்றில் பாறையை இடித்து, தெருவுக்கே வெள்ளையடித்துவிட்டுப் போகும் வண்டி. நம்ம ஊர்ப் பாறைக்கு அது போதும். இராமநாதபுரத்தில் மணலும் களிமண்ணும் ஆயிரக்கணக்கான அடிக்கு அடுக்கடுக்காகக் கிடக்கிறது, குழி சரியாமல் இருக்க பென்டோனைட் கரைத்த சேறு வேணும், வழுதூர் மின் நிலையத்துக்குப் போகிற கேஸ் அப்படித் தோண்டி எடுத்ததுதான் என்றெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சேறு கலக்கவா எம்.எஸ்ஸி. படிச்சா?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

உன் அம்மா கண்ணைக் கசக்கினால் ஒன்று சொல். 1922-ல் நம்ம ஊர்ப் பக்கத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கே போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்தார்கள். நீ பக்கத்து மாவட்டம்தானே போயிருக்கிறாய்.

நீ உராய்வுக்குப் பயந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. மருந்துப் பெட்டியைத் தரையில் இழுக்காதே, தூக்கி வை, இரும்பைத் தொடாதே, நைலான் உடுத்தாதே என்று பட்டாசு ஆலைச் சட்டத்தை உன் அப்பா வீட்டுக்குள்ளும் நடத்தினார். தீப்பெட்டியில் மட்டும்தான் நாம் உராய்வைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளைச் சேர்த்துப் பூசுவது அதற்காகத்தான். அதே கண்ணாடியைக் மிக நுண்ணிய உருண்டைகளாக்கிச் சேற்றில் போட்டால் உராய்வு குறைகிறது! பேரியம் கதையும் அப்படித்தான். பட்டாசில் பேரியம் உப்புக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உன் சேற்றுக்கு எடை ஏற்ற ஆந்திராவின் மங்கம்பேட்டையில் தோண்டுகிற பேரைட்டும் பேரியம்தான்; ஆனால் தண்ணீரில் கரையாத சல்பேட். மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிப் பார், பெருமூச்சு விடுவார்.

சரி, வேலைக்கு வருகிறேன். காலையில் லூப்ரிசிட்டி மீட்டரை எடுத்ததும் முதலில் வெறும் சுத்தத் தண்ணீரில் ஓட்டு. உராய்வுக் கெழு 0.34 பக்கம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோளாறு மீட்டரில், சேற்றைத் திட்டாதே. தண்ணீர்ச் சேறு சாதாரணமாக 0.2, 0.3 என்று காட்டும். எண்ணெய்யையே அடிப்படையாக வைத்துச் செய்த சேறு 0.1 பக்கம் வந்துவிடும். ஆனால் அதன் விலையும், அதில் நனைந்து வரும் வெட்டுத்தூளைக் கொண்டுபோய்ப் போடும் தொல்லையும் பெரிது. அதனால்தான் தண்ணீர்ச் சேற்றிலேயே கொஞ்சம் லூப்ரிகன்ட் சேர்த்து ஒப்பேற்றுகிறோம்.

கிணறு நேராக இறங்கும்வரை உன்னை யாரும் தேடமாட்டார்கள். ஊரையும் வயலையும் ஒதுக்கி ஓரிடத்தில் ரிக்கை நிறுத்திச் சாய்த்துத் தோண்டும்போதுதான் பைப் கீழ்ச்சுவரில் படுத்துக்கொண்டே சுற்றும். சுழற்றும் முறுக்குவிசையான டார்க் ஏறும், தூக்கினால் இழுக்கும். உடனே டிரில்லர், "மேடம், ரெண்டு டிரம் லூப் ஊத்துங்க" என்பார். அனுபவஸ்தர், மரியாதையாகத் தலையாட்டு. தலையாட்டிவிட்டு நேரே வெட்டுத்தூளைச் சலிக்கும் ஷேல் ஷேக்கருக்குப் போ. வெட்டுத்தூள் வழக்கமான அளவு மேலே வருகிறதா? வராவிட்டால் அது அடியில் குவிந்து பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழியைக் கழுவ வேண்டிய நேரத்தில் எண்ணெய் என்ன செய்யும்?

அடுத்து ஃபில்டர் பிரஸ். 100 பி.எஸ்.ஐ. அழுத்தம், 30 நிமிடம். வடிந்த தண்ணீரை அளந்து எழுதிவிட்டு ஃபில்டர் தாளைச் சுருட்டிக் குப்பையில் போடுகிற பிள்ளைகள்தான் அதிகம். நீ அந்தத் தாளில் படிந்த சேற்றுக் கேக்கை விரலால் தடவிப் பார். மெல்லிசாக, இறுக்கமாக, வழவழவென்று இருக்க வேண்டும். தடியாகவும் கொழகொழப்பாகவும் இருந்தால், மணற்பாறை வரும் இடத்தில் பைப்பைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் விட்டாலே போதும். சேற்றின் அழுத்தம் அதைச் சுவரோடு அமுக்கி ஒட்டவைத்துவிடும். அப்புறம் இழுத்தாலும் வராது. பட்டாசுக் கொட்டகையில் பெட்டியை இழுக்காதே என்று படித்தாய். இங்கே பைப்பை நிற்கவிடாதே என்று படி.

இதெல்லாம் சரியாக இருந்தும் டார்க் இறங்கவில்லையா, அப்போது லூப்ரிகன்ட் போடு. அதுவும் முதலில் ஒரு பீக்கர் அளவு. கம்பெனிக்காரர் கொண்டுவந்து காட்டுகிற சேற்றில் அல்ல, உன் தொட்டிச் சேற்றில். கடற்கரைத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. கொழுப்பு அமிலம் உள்ள லூப்ரிகன்ட் அதில் சோப்பாகி, திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக மிதக்கும். ஷேக்கர் சல்லடையை அடைக்கும். எஸ்டர் வகை என்றால் காஸ்டிக்கை அளந்து போடு. பி.எச். அதிகமாகி, அடியில் சூடும் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து அதுவும் சோப்பு வழிக்குத்தான் போகும். ஒரு ரிக்கில் சோதிக்காமல் நாலு டிரம்மைக் கவிழ்த்தார்கள். நுரை தொட்டியைத் தாண்டி வழிந்தது; பம்ப் சேற்றை இழுக்காமல் காற்றை இழுத்து உதறியது. பார்க்க வேடிக்கையாக இருந்தது, அன்றைய ஷிப்டில் இல்லாத எனக்கு.

நாங்கள் சேர்ந்த புதிதில் டீசலையே ஊற்றுவார்கள். வழுக்கும்தான். ஆனால் ஜியாலஜிஸ்ட் வெட்டுத்தூளைப் புற ஊதா விளக்கில் காட்டி எண்ணெய்த் தடயம் தேடுவார். டீசலும் அந்த விளக்கில் ஒளிரும். பூமி கொடுத்த எண்ணெய்யா, நாம் ஊற்றியதா என்று அவர் எப்படிச் சொல்வார்? மண்ணுக்கும் மீனுக்கும் அது விஷம் வேறு. இப்போது தாவர எண்ணெய்யிலிருந்து செய்த எஸ்டர்கள் வந்துவிட்டன. பேப்பரில் எண்ணெய் விலைக்கு விருதுநகர் சந்தையைப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வம்கூட வரலாம். ஆனால் எண்ணெய் பரோட்டாவில் வளர்ந்த கை தாராளமாகச் சாயும், ஜாக்கிரதை! பெரும்பாலும் மொத்தச் சேற்றில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கே போதும். அதையும் சேறு ஒரு சுற்று சுற்றி வருகிற நேரத்துக்குப் பரப்பி, மெதுவாகச் சேர்.

ஊற்றிய நேரம், அளவு, முன்னும் பின்னும் டார்க் எவ்வளவு என்பதை உன் சொந்த நோட்டிலும் எழுதி வை. அடுத்த கிணற்றில் அதே ஆழம் வரும்போது கம்பெனி ரிப்போர்ட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும். உன் கையெழுத்து உனக்காவது புரிகிறபடி இருக்கட்டும்.

லீவில் வரும்போது ஒரு பாட்டிலில் உன் சேறும் கொண்டுவா, தடவிப் பார்க்கிறேன். சாத்தூர்ச் சேவு ரெண்டு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். லேப் மேசையில் காஸ்டிக் டப்பாவுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்துக் கொறிக்காதே. அறைக்குக் கொண்டுபோய், கை கழுவிவிட்டுத் தின்னு.

பிரியமுடன்,
பெரியப்பா