நாலு எழுத்து, எட்டு ஒலி

ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, ஹெச் நாலும் இதே வரிசையில் வந்தால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கடினம் என்றால் ‘டஃப்’, இருமல் ‘காஃப்’, பிசைந்த மாவு ‘டோ’, வழியாக என்பது ‘த்ரூ’, மரக்கிளை ‘பௌ’, எண்ணம் ‘தாட்’. எழுத்து அதேதான். வாய்தான் மாறுகிறது.

செய்யக்கூடாதவை

ஒரு சொல்லின் ஒலியை வைத்து இன்னொன்றைப் படிக்காதீர்கள். இங்கிலாந்தில் லஃப்பரா என்று ஓர் ஊர். அதன் பெயரில் இந்த நாலெழுத்து இரண்டு தடவை வருகிறது. முன்னால் ‘அஃப்’, கடைசியில் வெறும் ‘அ’. ஒரே பெயருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு விதி தேடி அலையாதீர்கள். ஜி-ஹெச் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ‘எஃகு’ என்னும்போது ஆய்தம் தொண்டையில் உரசுகிறதே, கிட்டத்தட்ட அப்படி. பிறகு சில சொற்களில் அது ‘ஃப்’ ஆனது, பலவற்றில் மறைந்தே போனது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சில் ஏறிய ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல இறுகிவிட்டது, பேச்சு தன் பாட்டுக்கு நடந்தது.

‘தமிழில் இந்தத் தொல்லையே இல்லை’ என்றும் பெருமை பேச வேண்டாம். கல், பகல், பங்கு மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரியா ஒலிக்கிறது? ஆனால் நம்மிடம் எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். அந்த வசதி ஆங்கிலத்தில் கிடையாது.

செய்ய வேண்டியவை

கடைசியில் டி வரும் சொற்களை முதலில் முடித்துவிடுங்கள். வாங்கினான் ‘பாட்’, கொண்டுவந்தான் ‘ப்ராட்’, சண்டையிட்டான் ‘ஃபாட்’, தேடினான் ‘ஸாட்’. எல்லாம் ‘ஆட்’தான். வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரௌட்’ மட்டும் முரண்டு பிடிக்கும்.

இதில் ‘பாட்’, ‘ப்ராட்’ இரண்டையும் பிரித்து வையுங்கள். நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்ததாக எழுத நினைத்த ஒரு பையனின் நோட்டில், அவன் நண்பனை விலைக்கு வாங்கியிருந்தான். ஓர் ஆர் விட்டுப்போனதன் பலன். ‘ப்ரிங்’கில் ஆர் உண்டு, அதனால் ‘ப்ராட்’டிலும் உண்டு. ‘பை’யில் இல்லை, ‘பாட்’டிலும் இல்லை. இதைச் சொன்ன பிறகு அவன் தப்பு செய்யவில்லை.

‘த்ரூ’ எழுதும்போது விரலை வைத்துப் பாருங்கள். ஹெச்சுக்கும் ஆருக்கும் நடுவே ஓர் ஓ நுழைந்தால் அது ‘தரா’, அமெரிக்கர் வாயில் ‘தரோ’. பொருளும் ‘முழுமையான’ என்று ஆகிவிடும். அவசரத்தில் எழுதும் மின்னஞ்சல்களில் அதிகம் இடறுவது இங்கேதான். ஸ்பெல்செக்கும் காப்பாற்றாது, இரண்டுமே சரியான சொற்கள் ஆயிற்றே!

ஏர் உழுவதற்கான ‘ப்ளௌ’வை அமெரிக்கர்கள் பி, எல், ஓ, டபிள்யூ என்று சுருக்கிவிட்டார்கள். நம் பள்ளித் தேர்வில் பிரிட்டிஷ் வழக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விக்கல். இருமலோடு சம்பந்தம் இருக்கும் என்று தவறாக நினைத்து, யாரோ அதன் வாலிலும் இந்த நாலெழுத்தை ஒட்டிவிட்டார்கள். எழுதுவது ‘காஃப்’, படிப்பதோ ‘ஹிக்கப்’. ஹெச், ஐ, சி, சி, யூ, பி என்று எழுதினால் போதும். அதுதான் பழைய வடிவமும்கூட.